தெருவா, மேஜையா, மலையா: அடுத்து எந்த வகைப் புகைப்படம் பழகலாம்?

ஓரளவு நன்றாகப் படமெடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கட்டம் வரும். ஃபோகஸ் தப்பாது, எக்ஸ்போஷரும் (படத்தில் விழும் ஒளியின் அளவும்) தப்பாது. ஆனால் போன வருடம் எடுத்த படத்துக்கும் இந்த வருடம் எடுத்த படத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பெரும்பாலோர் புது லென்ஸ் தேடத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் வேறொரு வகைப் படத்துக்கு மாறிப் பாருங்கள் என்பேன். சரி, எந்த வகைக்கு?

"எது பிடிக்கிறதோ அது" என்ற பதில் இங்கே அவ்வளவாக உதவாது. நமக்குப் பிடித்திருப்பது பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே சுலபமாக வருவதுதான். அதனால் ஒவ்வொரு வகையிடமும் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். வெளிச்சம் யார் கையில் இருக்கிறது? எடுக்கப்போகிற பொருள் நமக்காகக் காத்திருக்குமா? தெருவில் வெளிச்சமும் நம் கையில் இல்லை, ஆட்களும் நிற்க மாட்டார்கள். ஸ்டில் லைஃபில், அதாவது மேஜை மேல் பொருட்களை வைத்து எடுக்கும் படத்தில், இரண்டுமே நம் கையில். நிலக்காட்சி ஓடிப்போகாது, ஆனால் வெளிச்சம் வானத்தின் இஷ்டம். ஒருவரை உட்காரவைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட்டில் வெளிச்சத்தை நாம் வைக்கலாம், ஆளும் உட்கார்ந்திருப்பார், முகபாவம் மட்டும் நிற்காது. இப்படிப் பார்த்தால் எது எதற்கு நேர் எதிர் என்பது தெரிந்துவிடும். எதிரில் இருப்பதைப் பழகினால்தான் கண்ணுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் தெருவையும் மேஜையையும் எடுத்துக்கொள்வோம்.

தெருப் புகைப்படம் முன்கூட்டியே தயாராக இருக்கக் கற்றுத் தருகிறது. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் போட்டு, அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்/8-இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து 30 மீட்டர் தாண்டியும் எல்லாம் தெளிவாக விழும். அதன்பிறகு ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம், கண் முழுக்க ஆட்கள் மேலேயே இருக்கலாம். இதைப் பழகியவருக்குத் தூரம் உடம்பிலேயே பதிந்துவிடும். எத்தனை காலடித் தூரத்தில் ஒருவர் ஃபிரேமுக்குள் முழுசாக வருவார் என்று கேமராவைத் தூக்காமலே சொல்வார். தெருப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் வாழ்நாளின் பெரும்பகுதி 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார். இப்படி உடம்பில் பதிய வேண்டுமென்றால் லென்ஸை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

தெருவின் குறை என்ன? படம் சரியாக வராவிட்டால் பழியை நேரத்தின் மேல் போட்டுவிடலாம். வெளிச்சம் தட்டையாக இருந்தது, அந்த ஆள் திரும்பிவிட்டார், நடுவில் ஒரு வண்டி வந்துவிட்டது. எல்லாம் உண்மையாகவே இருக்கும், அதனாலேயே அடுத்த கேள்வியை நாம் கேட்பதில்லை. தெருவில் பல வருடம் எடுத்தும், ஒரு நிழலின் விளிம்பு ஏன் இங்கே கூர்மையாகவும் அங்கே கரைந்தும் இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் உண்டு.

மேஜையில் அந்தப் பழிக்கு இடமே கிடையாது. ஒரு வெள்ளை முட்டையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு உட்காருங்கள். வேறு விளக்கு வேண்டாம். ஜன்னல் பக்கம் முட்டை பளீரென்று இருக்கும். அப்படியே கண்ணை நகர்த்தினால் வெளிச்சம் மெல்ல மெல்லச் சாம்பலாக மாறும். எல்லோரும் எதிர்பார்ப்பது, மறுகோடியில்தான் இருட்டு அதிகம் இருக்கும் என்று. இல்லை. கடைசி விளிம்புக்குச் சற்று முன்பாகத்தான் அதிக இருட்டு. அதைத் தாண்டி, அடிப்பக்கத்தில் மறுபடியும் கொஞ்சம் வெளிச்சம் ஏறும், ஏனென்றால் தாளில் பட்ட ஒளி திரும்பி வந்து முட்டையின் வயிற்றில் விழுகிறது. இப்போது வெள்ளைத் தாளை எடுத்துவிட்டுக் கறுப்புத் தாளை வையுங்கள். அந்த ஒளி மறைந்து, முட்டையின் ஒரு பக்கம் அப்படியே இருட்டுக்குள் போய்விடும். அப்புறம் முட்டையை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிழலின் விளிம்பு மென்மையாகும். அறையின் உள்பக்கம் தள்ளி வைத்தால் விளிம்பு இறுகும். ஜன்னல் அதேதான், முட்டையிலிருந்து பார்த்தால் அதன் அளவு மாறிவிட்டது, அவ்வளவே.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த குடைமிளகாய்ப் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்தக் காயை அவர் ஒரு தகரப் புனலின் வாய்க்குள் வைத்தார். புனலின் உட்புறம் வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்பி அனுப்பியதால்தான் அந்த மடிப்புகளுக்கு தசைபோன்ற திரட்சி வந்தது. நம் முட்டைக்குத் தாள் செய்த வேலையைத்தான் அங்கே புனல் செய்தது.

மேஜைக்கும் குறை உண்டு. அவசரம் என்பதே இல்லாததால் முடிவெடுக்கிற பழக்கம் மழுங்கும். ஒரு பொருளை அரை அங்குலம் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே ஒரு நாள் போய்விடலாம். ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், தயங்காமல் மேஜையைத்தான் சொல்வேன். தெருவில் பழகும் வேகம் மேஜையில் உதவாது; மேஜையில் பழகிய வெளிச்ச அறிவு தெரு உட்பட எல்லா இடத்திலும் கூடவே வரும்.

அடுத்து போர்ட்ரெய்ட்டும் நிலக்காட்சியும்.

போர்ட்ரெய்ட் என்றதும் 85 மி.மீ. லென்ஸ் பற்றித்தான் பேச்சு தொடங்கும். உண்மையில் முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் தூரம். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகும், காதுகள் பின்னால் ஒதுங்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகம் சீராகும். 85 அந்தத் தூரத்தில் ஃபிரேமைத் தலையும் தோளுமாக நிரப்புகிறது, அதுதான் அதன் வசதி. இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பிடிபடாதது எதிரில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வேலை செய்வது. கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "கொஞ்சம் சிரிங்க" என்றால் பல் தெரியும், ஆள் தெரியமாட்டார். மனிதர்களைத் தூரத்திலிருந்தே எடுத்துப் பழகியவருக்கு இதைவிடக் கடினமான பயிற்சியும் இல்லை, பயனுள்ள பயிற்சியும் இல்லை.

நிலக்காட்சி நிதானமானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் நிலவு எழும்பும் படத்தை எடுத்தபோது, கல்லறைச் சிலுவைகள் மேல் விழுந்த கடைசி வெயில் போய்க்கொண்டிருந்தது. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் வெயில் போய்விட்டது. ஆக, நிலக்காட்சியிலும் கடைசி சில வினாடிகள் தெருவைப் போலத்தான். அதுவரையிலான காத்திருப்பு மட்டும் நீளம்.

இருந்தாலும், வளர்ச்சிக்கான பயிற்சி என்று பார்த்தால் நிலக்காட்சியை நான் பட்டியலில் சற்றுக் கீழேதான் வைப்பேன். அழகான இடம் பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது. மலையும் மேகமும் நன்றாக இருந்ததா, நம் படம் நன்றாக இருந்ததா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். விதிவிலக்கு ஒன்று: ஸ்டுடியோவிலேயே இருந்து பழகியவர்கள் கட்டாயம் வெளியே போக வேண்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், சூரியன் எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வருகிறது என்று கவனிப்பது, விளக்கைத் தானே நகர்த்திப் பழகியவருக்கு வேறு விதமான பொறுமையைத் தரும்.

மேக்ரோவும் வனவிலங்குப் படமும் கருவியை அதிகம் கேட்பவை. மேக்ரோவில் பொருளின் நிஜ அளவே சென்சாரிலும் விழும்படி நெருங்கினால், எஃப்/8-இல்கூட தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் எந்தத் தளம் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு படத்திலும் முடிவெடுத்தே ஆக வேண்டும். துளையைச் சிறிதாக்கி எல்லாம் தெளிவாக விழும்படி எஃப்/16-இல் வைத்தே எடுத்துப் பழகியவருக்கு இது நல்ல மருந்து. வனவிலங்கில் ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடியில் வைப்பதெல்லாம் சுலபம். கற்க வேண்டியது நடத்தை. பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும்பும். அதனால் காற்று நம் முதுகில் படும்படி நின்றால் பறவை நம் பக்கம் முகம் காட்டிப் பறக்க வாய்ப்பு அதிகம். ஆட்களையே எடுப்பவருக்கும் இந்த முன்னூகிப்பு உதவும், ஆனால் நீளமான லென்ஸ் கையில் இல்லையென்றால் இதற்காக வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஒரு வகையில் கற்றது இன்னொன்றுக்கு உண்மையிலேயே போய்ச் சேருமா என்று கேட்பவர்கள் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென்னின் படங்களை வரிசையாகப் பார்க்கலாம். ஃபேஷன் எடுத்தார், பிரபலங்களை 1948-இல் இரண்டு பலகைகளுக்கு நடுவிலான குறுகிய மூலையில் நிறுத்தி எடுத்தார், தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஸ்டில் லைஃபாக எடுத்தார். அந்தச் சிகரெட் துண்டுகள் 1975-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. ஒரு கவுனுக்குக் கொடுத்த அதே வெறும் பின்னணியையும் அதே கவனத்தையும் ஒரு சிகரெட் துண்டுக்கும் கொடுத்திருக்கிறார்.

மாறுவது என்றால் வாரத்துக்கு ஒரு வகை என்று தாவுவது இல்லை. முதலில் எடுக்கும் படங்கள் அந்த வகையில் நாம் பார்த்துப் பழகிய படங்களின் நகலாகத்தான் இருக்கும். அந்த நகல்கள் தீர்ந்து, என்ன எடுப்பது என்றே தெரியாமல் போகும்வரை அங்கேயே இருங்கள். விட்டுவிட்டுப் போகத் தோன்றும் அந்த நேரத்தில்தான் சொந்தமாக ஏதாவது வரத் தொடங்கும். அதன்பிறகு பழைய வகைக்குத் திரும்பிப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, முன்பு எடுத்தவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் ஆளைப் பார்க்காதீர்கள். நிழல்களையும் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் பாருங்கள், மாற்றம் ஏதாவது வந்திருந்தால் முதலில் அங்கேதான் தெரியும்.