ஹிரோஷிமா பீஸ் விங் மைதானம்: கட்டாயம் ஒரு மேட்ச் பாருங்கள்

ஹிரோஷிமாவின் சான்ஃபிரெச்சே கால்பந்து அணியின் சொந்த மைதானம், 2024 பிப்ரவரியில் திறந்தது. பழையது ஊருக்கு வெளியே, இருக்கைகளுக்கும் புல்தரைக்கும் நடுவில் ஓட்டத் தடம் வேறு. இது கோட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அணுகுண்டு நினைவுக் கட்டடத்திலிருந்து நடந்தே போய்விட்டேன், புல்தரையும் அவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது. இடைவேளையில் ஒரு கடையில் வரிசை நீளம், அது மட்டும்தான் குறை.

1938-ல் டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மாஸ்டா கம்பெனியின் அணியாகத் தொடங்கி, 1965 முதல் 1968 வரை தொடர்ந்து நான்கு முறை ஜப்பான் லீக்கை வென்ற கிளப் இது. அப்புறம் இன்றைய தொழில்முறை லீக்கான ஜே லீக்கில் 2012, 2013, 2015-லும் வென்றது. பெயரில் வரும் ஜப்பானிய 'சான்' என்றால் மூன்று, இத்தாலிய 'ஃபிரெச்சே' என்றால் அம்புகள். ஒற்றை அம்பை ஒடிக்கலாம், மூன்றைச் சேர்த்து ஒடிக்க முடியாது என்று இந்தப் பகுதியை ஆண்ட பழைய போர்த்தலைவர் மோரி மோட்டோநாரி தன் மகன்களுக்குச் சொன்னதாக வழங்கும் கதை. ஊதா உடையில் கூட்டம் பாடும்போது எனக்குச் சிலிர்த்துவிட்டது.