பழனிக்கு நடந்த காலுக்கு பனிமலை: கேதார்கந்தாவா, சந்தக்பூவா?

குன்றக்குடில இருந்து பழனிக்கு வருஷா வருஷம் பூசத்துக்கு நடக்குற ஆளுங்க நாங்க, காரைக்குடில எங்க தெருவுல மட்டுமே பத்து பேர் தேறுவோம், அதனால மலைன்னா என்ன பெருசா, நடந்துட்டாப் போச்சுங்கிற திமிர் எப்பவும் உண்டு. அந்தத் திமிர்ல ஒரு வருஷம் பூசம் முடிஞ்ச கையோட இமயமலையில இருக்குற கேதார்கந்தா உச்சிக்குப் போனோம், அடுத்த வருஷம் மேற்கு வங்கத்துல டார்ஜிலிங் பக்கம் இருக்குற சந்தக்பூ. இப்ப பாக்குறவன்லாம் எது நல்லதுன்னு கேக்குறதால இத எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, கேதார்கந்தா வேற கேதார்நாத் வேற. எங்க ஆச்சி "கேதாரம் போறியாப்பா, அப்படியே எனக்கு தீர்த்தம் கொண்டா"ன்னு செம்பு எடுத்துக் குடுத்துட்டாங்க. குளிர்காலத்துல கேதார்நாத் நடையே திறக்காதுன்னு சொல்லியும் நம்பல. கேதார்கந்தா உச்சியில ஒரு திரிசூலம் இருக்கு, அத போட்டோ எடுத்துக் காட்டித்தான் சமாளிச்சேன்.

தூரத்த வச்சுப் பாத்தா கேதார்கந்தா நமக்கு சிரிப்பாத்தான் இருக்கும். உத்தரகாண்ட்ல சாங்க்ரிங்கிற ஊர்ல ஆரம்பிச்சு திரும்பி வர 20 கிலோமீட்டர் சொச்சம், அத நாலு நாளாப் பிரிச்சு நடக்குறாங்க. பழனி நடையில அது ஒரே நாள் கணக்கு. சந்தக்பூ அப்படி இல்ல, மானேபஞ்சங்ங்கிற ஊர்ல இருந்து உச்சிக்கே 31, அங்கிருந்து மலை முதுகுலயே ஃபாலுத்துங்கிற இன்னொரு உச்சிக்கு 21, அப்புறம் கோர்க்கேங்கிற கிராமம் வழியா இறங்குனா மொத்தம் 80 பக்கம் வந்துரும். நடக்கணும்னு ஆசைப்பட்டுப் போறவனுக்கு இதுதான் நடை.

ஆனா பனியில தூரத்த வச்சு கணக்குப் போட்டா ஏமாந்துருவோம். பகல்ல ஆளுங்க மிதிச்ச தடம் ராத்திரி இறுகி விடிகாலைல கண்ணாடியா நிக்கும், பதினொரு மணிக்கு மேல அதுவே கூழாயிரும், தடத்த விட்டு ஒரு அடி தள்ளி வச்சா தொடை வரைக்கும் உள்ள போயிரும். கேதார்கந்தால உச்சிக்கு ராத்திரி மூணு மணிக்கே கிளப்பி விடுறது இதுக்குத்தான், பனி இறுகி இருக்குறப்பவே ஏறிடணும். ஷூ மேல ரப்பரோட மாட்டுற சங்கிலி முள்ள அங்க எல்லாரும் கிராம்பான்னுதான் சொல்றாங்க, உண்மையான கிராம்பான் செங்குத்தான ஐஸுக்கு உள்ள இரும்புச் சட்டம், இந்த ரெண்டு எடத்துக்கும் அது தேவையில்ல, சங்கிலி முள்ளே போதும். சாங்க்ரிலயே வாடகைக்குக் கிடைக்குது.

என் மச்சான் ஜீன்ஸ் போட்டு வந்தான். எத்தன தடவ சொன்னேன். ரெண்டாம் நாள் முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, டென்ட் கயித்துல காயப் போட்டான், காலைல பாத்தா பேன்ட் பலகை மாதிரி வெறைச்சு கயித்துல இருந்து எடுத்த பிறகும் தானா நிக்குது. பழனி நடையில கொப்புளம் வந்தா ஊசியால குத்தி மஞ்சள் வச்சு நடந்துருவோம், இங்க ஈர சாக்ஸோட ரெண்டு மணி நேரம் நின்னா விரலே மரத்துப் போயிருது. பருத்தி வேண்டவே வேண்டாம், ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ், ஷூக்குள்ள பனி போகாம முழங்கால் வரைக்கும் கட்டுற உறை, கறுப்புக் கண்ணாடி, இதுல கஞ்சம் பிடிக்காதீங்க. தண்ணி பாட்டில தலைகீழா வைங்க, ஐஸ் மேல்மட்டத்துலதான் மொதல்ல கட்டும், அப்பதான் மூடிப் பக்கம் அடைக்காது. மாவுருண்டை கொண்டு போயிராதீங்க, நெய் இறுகி பல்லு போயிரும், தேன்குழல்தான் கடைசி வரைக்கும் தேன்குழலாவே இருந்துச்சு.

படுக்குற விஷயத்துலதான் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம். கேதார்கந்தால டென்ட்டுதான், வெளிய போகணும்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கு மைனஸ்ல ஷூ மாட்டிட்டுப் போகணும். சந்தக்பூ வழியில தும்லிங், காலிபோக்ரின்னு எங்க தங்குனாலும் கூரை, கம்பளி, சூடா தாலும் சோறும், கேட்டா துக்பாங்கிற நூடுல்ஸ் சூப்பு. போதாததுக்கு உச்சி வரைக்கும் ஜீப் ரோடு, முட்டி மக்கர் பண்ணா பழைய லேண்ட் ரோவர்ல இறங்கிடலாம். அந்த ஜீப்தான் எரிச்சலும், மூச்சு வாங்க ஏறிட்டு இருக்கப்ப ஒரு குடும்பம் ஜன்னல் வழியா சிப்ஸ் தின்னுட்டுப் போகும்.

உயரத்துல கேதார்கந்தா 3,810 மீட்டர், சந்தக்பூ 3,636. பாத்தா மொதல்லதுதான் கஷ்டம்னு தோணும், ஆனா அங்க 3,400 பக்கம் படுத்து உச்சியத் தொட்டுட்டு அன்னைக்கே இறங்கிருவோம், சந்தக்பூல உச்சியிலயே ராத்திரி படுக்கணும். எனக்கு தலைவலி வந்தது சந்தக்பூலதான். தலைவலியோட வாந்தியும் வந்தா கவுரவம் பாக்காம கீழ இறங்குறதுதான் வைத்தியம்.

பனி கேட்டா சந்தேகமே இல்ல, கேதார்கந்தா. பிப்ரவரில போனா பெரும்பாலும் ஏமாத்தாது, டிசம்பர் கடைசியில மட்டும் போகாதீங்க, பூசக் கூட்டம் தோத்துரும். சந்தக்பூல பனி லாட்டரி, எங்களுக்கு காலிபோக்ரி வரைக்கும் அங்கங்க திட்டுதான், அப்புறம் ஒரு ராத்திரி கொட்டித் தீத்துருச்சு. காலைல மேகம் விலகுனப்ப கஞ்சன்ஜங்கா தொடர் மொத்தமும், இடது பக்கம் தூரத்துல எவரெஸ்ட், லோட்சே, மக்காலு. ஒலகத்துல உயரமான அஞ்சுல நாலு ஒரே எடத்துல நின்னு தெரியுது. கஞ்சன்ஜங்காவ படுத்திருக்குற புத்தர்னு சொல்றாங்க, எங்களுக்கு திருமயத்துல படுத்திருக்குற பெருமாள்தான் ஞாபகம் வந்துச்சு, மச்சான் நடு ரோட்டுலயே கன்னத்துல போட்டுக்கிட்டான்.

பனியவே பாத்ததில்ல, இருவத்தஞ்சு வயசு, லீவு கம்மின்னா கேதார்கந்தா போங்க. அம்பது தாண்டுன சித்தப்பாவோட போறீங்க, நடையும் வேணும்னா சந்தக்பூ. நாங்க அடுத்த பூசத்துக்கு அப்புறம் திரும்ப சந்தக்பூதான், மச்சான் ஜீன்ஸ வீட்டுலயே வச்சுட்டு வர்றதா சத்தியம் பண்ணிருக்கான். ஆச்சியோட செம்பு இன்னும் என் பைக்குள்ளதான் கெடக்கு, ஏப்ரல் கடைசியிலயோ மே மாசமோ கேதார்நாத் நடை திறந்ததும் யாராவது போனா சொல்லுங்க.