தீயைப் பரப்பாத கேபிளா, தீயைத் தாங்கும் கேபிளா?

பெயரளவில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தீயைப் பரப்பாத கேபிளும் எரியும். ஆனால் சுடரை விலக்கினால் தானே அணையும், கேபிள் வழியே நெருப்பு ஓடாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60332 தரநிலை சோதிப்பது இதைத்தான். அதன் முதல் பகுதி ஒற்றைக் கேபிளை மட்டுமே பார்க்கிறது. கற்றையாகக் கட்டிய கேபிள்கள் வேறு விதமாக எரியும் என்பதால் அதற்கு மூன்றாம் பகுதி இருக்கிறது. சான்றிதழில் எந்தப் பகுதி என்று பலர் பார்ப்பதே இல்லை.

தீயைத் தாங்கும் கேபிள் எரியும்போதும் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். உறை கருகினாலும் கடத்தியைச் சுற்றிய மைக்கா நாடா (வெப்பம் தாங்கும் கனிமத்தால் ஆனது) மின்காப்பாக நிற்கிறது. ஐஇசி 60331-1 சோதனையில் குறைந்தது 830 டிகிரி செல்சியஸ் சுடரோடு அதிர்வும் கொடுக்கிறார்கள்.

சாதாரண விளக்குகளுக்கு முதல் வகை போதும். தீ எச்சரிக்கை மணி, அவசரகால விளக்கு, தீயணைப்பு பம்பு ஆகியவற்றுக்கு இரண்டாவதுதான். விலையைப் பார்த்து இதில் கை வைப்பது மடமை. அதையும் பிளாஸ்டிக் பிடிகளில் தொங்கவிட்டால் பிடி உருகிக் கேபிள் சரியும்.

புகையின் அடர்த்தி தனிக் கணக்கு. அதற்கு ஐஇசி 61034.