ஆம்ப் ரிப்பேராகி வந்துவிட்டதா? ஸ்பீக்கரை மாட்டும் முன் இதைப் படியுங்கள்

"பவர் டிரான்சிஸ்டர் போயிருந்துச்சு, மாத்தியாச்சு" என்று சொல்லித் திருப்பித் தரப்பட்ட 60 வாட் சாலிட் ஸ்டேட் (வால்வு இல்லாமல் டிரான்சிஸ்டரில் ஓடும்) கிட்டார் ஆம்ப் ஒன்று, மூன்றாம் நாளே ஸ்பீக்கரையும் எரித்துவிட்டது. மூடியைக் கழற்றியதும் காரணம் கண்ணெதிரே கிடந்தது. கடையின் பெயர் வேண்டாம். செய்த வேலையின் அடையாளங்களைச் சொல்கிறோம், உங்கள் ஆம்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் ஃபியூஸ். பின்பலகையில் "டி 1 ஏ" என்று அச்சாகியிருக்கிறது. 1 ஆம்பியர், ஸ்லோ ப்ளோ (சட்டென்று போகாமல் சற்றுத் தாங்கும்) வகை என்று பொருள். உள்ளே இருந்ததோ 6 ஆம்பியர். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போடுவது அந்த ஷார்ட்டைத் தொடர்ந்து எரியவிடுவதுதான்.

அடுத்து டிரான்சிஸ்டர். டிஐபி142, டிஐபி147 என்ற ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு) நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் பழைய மைக்கா தகடு மூலையில் கிழிந்திருந்தது. கிழிசலுக்கு அடியில் சாதாரண இன்சுலேஷன் டேப்! ஹீட் சிங்க் பேஸ்ட் துளியும் இல்லை. இந்த டிரான்சிஸ்டரின் உலோக முதுகு கலெக்டரோடு (அதன் மூன்று கால்களில் ஒன்று, எமிட்டர் இன்னொன்று) சேர்ந்தது, அதில் 35 வோல்ட் நிற்கும். டேப் சூட்டில் இளகி நகர்ந்தால் அந்த 35 வோல்ட் நேரே ஹீட் சிங்கில் ஷார்ட். அதைவிட மோசம், ஹீட் சிங்கில் ஒட்டியிருக்க வேண்டிய சின்ன பயஸ் டிரான்சிஸ்டர் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹீட் சிங்க் சூடாவதை உணர்ந்து கரண்ட்டைக் குறைப்பதே அதன் வேலை. சூடு அதற்கு எட்டவில்லை என்றால் கரண்ட் ஏறும், ஏறிய கரண்ட்டில் சூடு இன்னும் ஏறும், கடைசியில் கலெக்டரும் எமிட்டரும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியதும் 35 வோல்ட் டிசி முழுவதும் ஸ்பீக்கருக்குப் போனது. 8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் சுமார் 6 ஓம்தான் காட்டும். கணக்குப் போடுங்கள்: கிட்டத்தட்ட 6 ஆம்பியர், 200 வாட் சூடு, எல்லாம் கூம்பை ஆட்டும் வாய்ஸ் காயிலில். கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளி அப்படியே நிற்கும், உடனே கருகிய வாடை வரும். 6 ஆம்பியர் ஃபியூஸ் அசையவே அசையாது.

அதனால் ஆம்பைத் திரும்ப வாங்கும்போது ஸ்பீக்கர் வயரைக் கழற்றச் சொல்லி, ஸ்பீக்கர் முனைகள் இரண்டுக்கும் நடுவே டிசி அளந்து காட்டச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே விடாதீர்கள். சேசிஸை (ஆம்பின் உலோகக் கூடு) வைத்து அளக்க வேண்டாம், பல ஆம்ப்களில் ஸ்பீக்கர் மைனஸுக்கும் சேசிஸுக்கும் இடையில் சின்ன ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். (ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டுவது சாலிட் ஸ்டேட்டுக்கு மட்டும். வால்வு ஆம்பில் செய்யக் கூடாது.)

முதல் தடவை ஆன் செய்வது சீரிஸ் போர்டு (மின்சாரம் ஒரு பல்பைத் தாண்டியே ஆம்புக்கு வரும் போர்டு) வழியாகத்தான் இருக்க வேண்டும்: 60 அல்லது 100 வாட் இழை பல்ப், எல்இடி உதவாது. வால்யூம் எல்லாம் பூஜ்யத்தில். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். மெயின்ஸ் வயரிங் பழக்கமில்லாதவர்கள் இந்தப் போர்டைத் தாங்களே கட்ட வேண்டாம், தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நீங்களே திறந்து பார்ப்பதாக இருந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸ் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பிறகு பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்கள். 4700 மைக்ரோஃபாரட் என்றால் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரில் கட்டி, ஒவ்வொன்றின் மீதும் அரை நிமிஷம் வையுங்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் பொறி பறக்கும், போர்டும் போகும். டிரான்சிஸ்டர் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். கூடவே எமிட்டர் ரெசிஸ்டர்களையும் (0.33 ஓம் போன்ற சிறு மதிப்பு இருக்கும்) டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். மாட்டியபின் உலோக முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கக் கூடாது. முகப்பைத் தேய்த்து நம்பர் மாற்றி எழுதிய போலி டிரான்சிஸ்டர்கள் நிறைய வருகின்றன, வாங்கும் இடம் முக்கியம்.

சத்தம் விட்டு விட்டு வருகிறது என்று போனால் "ஐசி போச்சு" என்பார்கள். முதலில் பின்பக்கத்து எஃபெக்ட்ஸ் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகளை (வெளி எஃபெக்ட்ஸ் பெடலைச் சேர்க்கும் துளைகள்) ஒரு பேட்ச் கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் சீராக வந்தால் ரிட்டர்ன் ஜாக்கின் உள் தொடுமுனை கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். கான்டாக்ட் கிளீனர் போதும், ஐசிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியாக எர்த். "ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) குறையும்" என்று பச்சை வயரை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆம்பில் உள்ளே ஒரு இன்சுலேஷன் போனாலும் மெயின்ஸ் கிட்டார் கம்பி வழியே கைக்கு வரும். வாங்கிய இடத்திலேயே ப்ளக்கின் எர்த் பின்னுக்கும் சேசிஸ் ஸ்க்ரூவுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். 1 ஓமுக்கு மேல் காட்டினால் ப்ளக்கைச் சொருகாமல் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.