முதல் பெயின்ட்பால் மார்க்கர்: டிப்மன் 98 வாங்கலாமா, எமெக் வாங்கலாமா?

சாயக் குண்டுகளை வாயு அழுத்தத்தால் சுடும் பெயின்ட்பால் துப்பாக்கிதான் மார்க்கர். வாடகை மார்க்கரில் ஆடிப் பழகி, சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கும் பலரும் முதலில் கேட்பது, “எது அதிக தூரம் சுடும்?” என்பதுதான். இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். மைதானங்கள் பொதுவாகக் குண்டின் வேகத்தை நொடிக்கு 280 முதல் 300 அடிக்குள் கட்டுப்படுத்துகின்றன. ஆடும் முன் கருவி வைத்து அளந்தும் பார்க்கின்றன. ஒரே 0.68 அங்குலக் குண்டு ஒரே வேகத்தில் புறப்பட்டால், மார்க்கரின் விலை எதுவாக இருந்தாலும் அது போகும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். புதியவர் பார்க்க வேண்டியவை இரண்டு: ஆட்டத்தின் நடுவே மார்க்கர் காலை வாரிவிடாமல் இருக்குமா? பழுதானால் நம் கையாலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா?

அந்த அளவுகோலில் என் பட்டியலில் நிற்பவை இரண்டு: டிப்மன் 98 கஸ்டம், பிளானட் எக்லிப்ஸின் எமெக் 100. இரண்டிலும் பேட்டரி கிடையாது. ஆனால் இயங்கும் விதத்தில் இரண்டும் எதிரெதிர் துருவங்கள்.

முதலில் நீங்கள் ஆடும் இடத்தில் எந்த வாயு நிரப்பித் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். கார்பன் டை ஆக்சைடு டேங்குக்குள் திரவமாக இருக்கிறது. அது ஆவியாகும்போதுதான் அழுத்தம் கிடைக்கிறது. 21 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இருக்கும் அழுத்தம், உறைநிலைக் குளிரில் 500 அளவுக்கு இறங்கிவிடும். வெயில் நாளிலும் விடாமல் சுட்டால் ஆவியாகும் வேகத்திலேயே டேங்க் சில்லிட்டு, குண்டுகள் சோர்ந்து விழத் தொடங்கும். டேங்கைச் சாய்த்தால் திரவமே மார்க்கருக்குள் புகுந்து, வாயு கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையங்களைக் கெடுக்கும். உயர் அழுத்தக் காற்றில் இந்தத் தொல்லை இல்லை. 3000 அல்லது 4500 பிஎஸ்ஐயில் நிரப்பிய காற்றை, டேங்கின் தலையில் இருக்கும் ரெகுலேட்டர் நிலையான அழுத்தத்தில் வெளியே விடுகிறது. 98 கஸ்டம் இரண்டையும் ஏற்கும். எமெக்குக்குக் காற்று மட்டுமே ஆகும். ஆகவே கார்பன் டை ஆக்சைடு மட்டும் கிடைக்கும் இடத்தில் ஆடுபவருக்கு இந்தப் போட்டி இங்கேயே முடிந்துவிடுகிறது: 98-ஐ வாங்குங்கள்.

1998இல் வந்த மாடல் 98-இன் வழிவந்த அந்த மார்க்கர் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அதன் முரட்டு எளிமை. விசையை இழுத்ததும் பின்பக்க போல்ட் (குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும் உருளை) ஸ்பிரிங்கின் வேகத்தில் பாய்ந்து வால்வை அடிக்கிறது. வெளியேறும் வாயுவில் ஒரு பங்கு குண்டைத் தள்ள, இன்னொரு பங்கு அந்த போல்ட்டையே பின்னுக்கு உதைத்து அடுத்த சுடுதலுக்கு நிறுத்துகிறது. வாயு தீரும் நேரத்தில் இந்த இயக்கம் கண்முன்னே தெரியும்: போல்ட் முழுதாகப் பின்வாங்க வலுவில்லாமல், ஒருமுறை விசையை இழுத்தாலே தடதடவென்று தானாக அடித்துக்கொள்ளும். புதியவர்கள் மார்க்கர் உடைந்துவிட்டதாகப் பதறுவார்கள். டேங்கை நிரப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிரித்துத் துடைப்பதுதான் 98-இன் பொறுமைச் சோதனை. ஆலன் சாவியால் திருகுகளைக் கழற்றினால் உடல் இரண்டு பாதிகளாகப் பிரியும். முன் போல்ட், அதைப் பின் போல்ட்டோடு இணைக்கும் கம்பி, ஸ்பிரிங், விசைப் பகுதி எல்லாம் ஒரு பாதியில் படுத்திருக்கும். மூடும்போது ஏதாவது ஒரு சிறு ஸ்பிரிங் இடம் மாறிக்கொண்டு பாதிகள் பொருந்த மறுக்கும். மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். இந்த வேலை பிடிக்காதவர்களுக்கு அதே நிறுவனத்தின் எஃப்டி-12 இருக்கிறது. அதன் மேற்பகுதி அப்படியே திறந்துகொள்ளும். ஸ்பைடர் வகை மார்க்கர்களில் ஒரு ஊசியை உருவினால் போல்ட் கையோடு வந்துவிடும். சுத்தம் செய்ய அவை சுலபம்தான், ஆனாலும் அடி தாங்குவதில் என் நம்பிக்கை 98 மீதுதான்.

எமெக்கின் உள்ளே, 98-இன் பின் போல்ட்டைப் போல வால்வை அடிக்கும் சுத்தியல் கிடையாது. காமா கோர் என்ற அதன் போல்ட் ஏறக்குறைய 135 பிஎஸ்ஐ என்ற தணிந்த அழுத்தத்தில் வழுக்கி முன்னும் பின்னும் போகிறது. கையில் உதைப்பதில்லை, சத்தம் குறைவு, காற்றுச் செலவும் குறைவு. எளிதில் உடையும் நல்ல குண்டுகளையும் மென்மையாகக் கையாளும். 98-இல் அவசரமாகச் சுடும்போது, மேலே குண்டுகள் நிரப்பிவைக்கும் சாதாரண ஹாப்பரிலிருந்து பாதி இறங்கிய குண்டை போல்ட் நறுக்கி, குழல் முழுவதும் சாயம் அப்பிவிடும். அதன்பின் எந்தக் குண்டும் நேராகப் போகாது. எமெக்கில் இது அரிது. போல்ட்டையும் பின்பக்கமாக ஒரே தொகுப்பாக உருவித் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பச் செருகிவிடலாம்.

பராமரிப்பில் ஒரு வேறுபாட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். 98-க்கு டேங்க் பொருத்தும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் போதும். எமெக்குக்கு எண்ணெய் ஆகாது, கிரீஸ்தான். ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றின் மேல் காட்டினால் கசிவைத் தேடி அலைய வேண்டிவரும்.

எத்தா 2 போன்ற மின்னணு மார்க்கர்கள் நல்லவைதான். குண்டு முழுதாக இறங்கியதா என்று பார்க்கும் உணரிகள்கூட அதில் உண்டு. ஆனால் பேட்டரி, சர்க்யூட் என்று பழுதுபடக்கூடியவை கூடுகின்றன. விரல் வேகத்துக்கு ஏற்பக் குண்டுகளும் கரையும். மறைந்து நகரவும் குறி பார்க்கவும் கற்க வேண்டிய பருவத்தில் அந்த வேகம் கெடுதலே செய்யும்.

காற்று கிடைக்கும் இடத்தில் ஆடுகிறீர்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் தயங்காமல் எமெக்கை வாங்குங்கள். பணம் இழுபறியாக இருந்தால் 98-ஐ எடுத்து, மிச்சத்தை பெயின்ட்பாலுக்கென்றே செய்த, இரட்டை லென்ஸ் உள்ள முகக்கவசத்தில் போடுங்கள். ஒற்றை லென்ஸ் எளிதில் பனித்துப்போகும்; பனித்தால் ஆட்டத்தின் நடுவே கவசத்தைத் தூக்கத் தோன்றும். கண்ணை இழப்பது அந்த ஒரு நொடியில்தான்.

பழைய மார்க்கர் வாங்குவதானால், டேங்கைப் பொருத்தி, சுடாமல் சற்று நேரம் காதருகே வைத்துக் கேளுங்கள். சீறல் கேட்டால் ஓ-ரிங் போயிருக்கிறது. அது சில்லறைச் செலவுதான். டேங்கில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியையும் படியுங்கள். பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை கட்டாயம். கெடு முடிந்த டேங்கைப் பொறுப்பான மைதானங்கள் நிரப்பித் தரமாட்டா.