18 நிமிடத் துடிப்பு: நியூத்திரன் விண்மீனா, வெள்ளைக் குள்ளனா?

ஜூன் மாதம் இரவு 8 மணிக்குக் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நின்றால், வலப்பக்கம் துறைமுக நகருக்கு மேலே சப்தரிஷி சாய்ந்திருக்கும். இடது தோளுக்குப் பின்னால் விருச்சிகம் ஏறிவரும். கண்ணுக்குத் தெரியாத ரேடியோ வெளிச்சவீடுகள் இரண்டு அந்தத் திசைகளில்தான் இருக்கின்றன.

1967-இல் ஜோசலின் பெல் கண்ட முதல் பல்சார் 1.34 விநாடிக்கு ஒருமுறை துடித்தது. பல்சார் என்பது சுழன்றபடி ரேடியோக் கற்றையை வீசும் நியூத்திரன் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த கரு. சுழற்சி தளர்ந்தால் மின்னழுத்தம் குறையும், எலெக்ட்ரான்-பொசிட்ரான் சோடிகள் பிறக்காது, ரேடியோ அணைந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தோம். 2020-இல் தென்னாபிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கி 76 விநாடிக்காரன் ஒன்றைப் பிடித்தது. அதன் துடிப்பு அரை விநாடிகூட நீடிப்பதில்லை. அது நியூத்திரன் விண்மீன்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் விருச்சிகத்துக்குத் தெற்கே இருப்பதில். மேற்கு ஆஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் தொலைநோக்கி 2018-இல் பதிந்த தரவில் 18 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. மூன்று மாதம் ஒளிர்ந்துவிட்டு அடங்கிவிட்டது.

மின்வெட்டு நாட்களில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கரண்ட் போனதும் சின்ன மேசை விசிறி சட்டென்று நின்றுவிடும். கனத்த பழைய கூரை விசிறி நெடுநேரம் சுற்றும். இங்கும் அதே கதைதான். நியூத்திரன் விண்மீனின் குறுக்களவு கோட்டையிலிருந்து மொறட்டுவை வரைதான். சூரியன் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கருவான வெள்ளைக் குள்ளனோ பூமியளவு. அதனால் அதன் சுழற்சித் திணிவு, அதாவது அதே வேகத்தில் சுழலும்போது சேமித்துவைக்கும் சக்தி, ஏறத்தாழ இலட்சம் மடங்கு அதிகம். 18 நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் நியூத்திரன் விண்மீன், வேகம் குறைவதால் இழக்கும் சக்தியைக் கொண்டு அவ்வளவு ரேடியோ ஒளியை உமிழ முடியாது. கணக்கில் பெரிய துண்டு விழுகிறது. அதை அடைக்கக் காந்தப்புலத்தின் சக்தி வேண்டும், அதாவது அது மெக்னட்டாராக, மிகப் பலமான காந்தப்புலமுள்ள நியூத்திரன் விண்மீனாக, இருக்கவேண்டும். திடீரென்று எரிந்து அடங்கியது மெக்னட்டார் குணத்துக்குப் பொருந்துவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023-இல் வெளியான, ஏறத்தாழ 22 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் இன்னொன்று 1988-இன் பழைய பதிவுகளிலும் இருக்கிறதே! முப்பது வருடத்துக்கு மேல் ஓயாத மெக்னட்டார் வெடிப்பா?

வடக்கில் விடை தெளிவு. சப்தரிஷியில் புலகர் (மெராக்) என்ற விண்மீனுக்கு ஒரு பாகை தள்ளி, 125 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. அங்கே வெள்ளைக் குள்ளனும் சிவப்புக் குள்ளன் எனப்படும் சிறிய மங்கலான விண்மீனும் ஒன்றையொன்று சுற்றுவது ஒளித் தொலைநோக்கியிலேயே தெரிந்தது. சுற்றுக்காலமும் துடிப்புக்காலமும் ஒன்று. 2025-இல் அந்த முடிவு வந்ததிலிருந்து, நிமிடக் கணக்கில் துடிப்பவற்றில் பெரும்பாலானவை வெள்ளைக் குள்ளன்களே என்ற பக்கம் சாய்ந்துவிட்டேன்.

என் சாய்வுக்கு இடறுவது 44 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் இன்னொருவன். சந்திரா விண்கலம் அதிலிருந்து எக்ஸ் கதிரும் கண்டது. அரை வருடத்துக்குள் அது மங்கிப்போனது. இரண்டு கட்சிக்கும் அது முழுதாகப் பொருந்தவில்லை. அதன் பக்கத்தில் மங்கலான சிவப்புத் துணை ஒன்று அகச்சிவப்பில் தென்பட்டால் வழக்கு வெள்ளைக் குள்ளன் பக்கம் போகும்.