கம்பெனி சர்வீஸ் பேக்கேஜா, வீட்டு வாசலில் நாமே செய்வதா: எட்டு வருஷ அனுபவம்

2017 கடைசியில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓட்டம் 90 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எக்ஸ்டெண்டட் வாரண்டியோடு சேர்த்து 2022 வரை முழுக்க முழுக்க கம்பெனி சர்வீஸ் சென்டர். அதன் பிறகு ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், வைப்பர், பேட்டரி எல்லாம் வீட்டு வாசலில் நானே. கம்பெனி பெயரும் டீலர் பெயரும் எழுதப்போவதில்லை. வேறு கம்பெனி கார் வைத்திருக்கும் நண்பர்களின் பில்லையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல்தான் இருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுங்கள். ஆனால் சில வருஷ சர்வீஸுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜை வாங்க அவசரம் வேண்டாம். வாரண்டி முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டர்களையும் உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிரேக், சஸ்பென்ஷன், ஏசி கேஸ் மூன்றையும் தொடவேண்டாம். காசு மிச்சமாவது நிஜம்தான். அதைவிட, செய்ததாகச் சொல்லும் வேலை செய்யப்பட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் எனக்குப் பெரிது.

பில்லைப் படிக்க ஆரம்பித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் சாதாரண சர்வீஸ் பில்லில் முதலில் வருவது கார் கையேட்டில் இருக்கும் அயிட்டங்கள்: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் திருகு) வாஷர். அடுத்து லேபர். அதற்கும் கீழே வருபவைதான் பில்லை ஊதவைப்பவை: டிகார்பனைசிங் (இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுப்பது), இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே கழுவுவது), ஏசி டிசின்ஃபெக்‌ஷன், அண்டர்பாடி கோட்டிங், ஏதோ ஒரு பாலிஷ். இவற்றில் ஒன்றுகூட என் கார் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இல்லை. கேட்டும் பார்த்தேன்.

"மைலேஜ் கொஞ்சம் டிராப் ஆகியிருக்குமே சார்? டிகார்ப் பண்ணிடலாம், இந்த மாசம் ஆஃபர் போயிட்டிருக்கு."

"மேனுவல்ல எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் பண்ணச் சொல்லியிருக்காங்க?"

"மேனுவல்ல இல்ல சார். நாங்க ரெகமெண்ட் பண்றோம்."

அந்த சர்வீஸ் அட்வைசர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது. ஆனால் என் காரில் இருப்பது பெட்ரோலை இன்டேக் வால்வுக்கு முன்னால் தெளிக்கும் பழைய வகை போர்ட் இன்ஜெக்‌ஷன். தெளிக்கிற பெட்ரோலே வால்வைக் கழுவிக்கொண்டிருப்பதால் அங்கே கரி படிவது குறைவு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிப்பது) என்றால் அந்தக் கவலைக்கு அர்த்தம் உண்டு. எந்த இன்ஜின் என்று பார்க்காமல் எல்லா காருக்கும் ஒரே மருந்து எழுதுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

பழைய பில்லையும் புதிய பில்லையும் ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். லேபருக்கு முன்பும் 18, இப்போதும் 18. அதனால் பார்ட்ஸ் தொகை குறைந்திருக்க வேண்டும். அப்படியும் மொத்தம் குறையவில்லை என்றால் பில்லில் எந்த அயிட்டத்தின் தொகை ஏறியிருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

இப்போது பேக்கேஜ். மூன்று வருஷத்துக்கு என்னிடம் சொன்ன விலை இருபதாயிரத்துக்குச் சற்று மேல். "தனித்தனியா பண்ணினா முப்பது ஆகும் சார்" என்றார்கள். அந்த முப்பது எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். கையேட்டில் இல்லாத அயிட்டங்களையும் சேர்த்துத்தான் முப்பது. அவற்றை அடித்துவிட்டுக் கூட்டினால் பேக்கேஜ் விலைக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. பிரேக் பேட், கிளட்ச், பேட்டரி, டயர், வீல் அலைன்மென்ட் எதுவும் அந்தப் பேக்கேஜில் கிடையாது. செலவு வைப்பதே அவைதான்.

இன்னொன்று, இத்தனை வருஷம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை என்பதுதான் கணக்கு. வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் ஓட்டுகிறவர் ஓட்டாத கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். வாராவாரம் சென்னைக்கும் சொந்த ஊருக்கும் போய்வருகிறவருக்குக் கிலோமீட்டர் சீக்கிரமே தீர்ந்துவிடும். நடுவில் இருக்கும், வருஷம் பத்தாயிரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்குத்தான் அது பொருந்துகிறது. வேலை நிமித்தமாக ஊர் ஊராக மாறுகிறவர்களுக்கும் நல்லது. நாடு முழுக்க எந்த கிளையிலும் செல்லும் பேக்கேஜ்கள் இருக்கின்றன, இடையில் விலை ஏறினாலும் பாதிப்பில்லை. அந்த நியாயத்தை மறுக்க மாட்டேன்.

வாரண்டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள்: வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. சட்டம் நம் பக்கம் பேசினாலும் கவுண்டரில் நின்று வாதாட வேண்டியது நாம்தான். எக்ஸ்டெண்டட் வாரண்டியோ தனி ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளில் கம்பெனி சர்வீஸ் என்று இருந்தால் இருந்ததுதான். என் காரில் ஸ்டீயரிங் பக்கம் ஒரு கோளாறு வந்து வாரண்டியில் ஒரு பைசா கட்டாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதனால்தான் அந்தக் காலம் முடியும்வரை நான் வெளியே போகவில்லை.

என்னை வீட்டு வாசல் பக்கம் திருப்பியது ஏசி ஃபில்டர். எங்கள் தெருவில் வேப்ப மரத்தடியில்தான் கார் நிற்கும். சித்திரையில் பூ உதிர்ந்து பானட் மேல் மஞ்சளாகப் படிந்துகிடக்கும். ஏசி போட்டால் காற்று குறைவாக வருகிறது என்று சொல்லி சர்வீஸுக்கு விட்டேன். பில்லில் ஏசி ஃபில்டர் கிளீனிங் என்று ஒரு வரி, அதற்குக் காசு. வீட்டுக்கு வந்து குளோவ் பாக்ஸைக் கழற்றினேன். ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் தொட்டில்போல் கீழே இறங்கிவிடும். பின்னால் இருந்த மூடியைத் திறந்து ஃபில்டரை இழுத்தால், மடிப்புக்கு மடிப்பு காய்ந்த வேப்பம்பூவும் காம்பும். ஒரு மூலையில் ஏதோ பூச்சி கூடு கட்டியிருந்தது. அந்த மூடியை யாரும் திறக்கவே இல்லை. போன் செய்து சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் நான் திறந்து பார்க்க முடிந்தது ஏசி ஃபில்டர் என்பதால்தான். ஆயில் ஃபில்டரை எப்படிப் பார்ப்பது? வாஷரை மாற்றினார்களா என்று யாரிடம் கேட்பது?

ஆயில் மாற்றுவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், முதல்முறை யோசிக்கிறவர்களுக்குப் பயன்படும். சாமான் ஜி.பி. ரோட்டில் வாங்குவேன். அண்ணா சாலைக்குப் பக்கத்தில் தெரு முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். "அண்ணே, ஆயில் ஃபில்டர் ஒண்ணு, வாஷர் ஒண்ணு" என்றால் மாடலும் வருஷமும் கேட்பார்கள். பழைய ஃபில்டர் அட்டைப் பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரை போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச்சே வேண்டாம். போலி அதிகம் நடமாடும் பொருள் ஆயிலும் ஃபில்டரும்தான். அதனால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் கடை, கையில் பில், சீல் உடையாத கேன். காலி கேனை ஆணியால் ஓட்டை போட்ட பிறகே குப்பைக்குக் கொடுப்பேன். இல்லாவிட்டால் அதே கேனில் வேறு ஆயில் நிரம்பித் திரும்பக் கடைக்கு வரும்.

இன்ஜினைச் சில நிமிஷம் ஓடவிட்டு ஆயில் இளஞ்சூடானதும் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்கு அண்டைக் கல். ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டில் உட்காரவைத்து, காரை அசைத்துப் பார்த்த பிறகுதான் கீழே போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்குக் கீழே யாரும் தலையை விடாதீர்கள். இதில் எந்தச் சமாதானமும் கிடையாது. மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டுக் கீழே டிரெயின் பிளக்கைத் தளர்த்தினால் கறுப்பாக, முதலில் வேகமாக, பிறகு நூலாக, கடைசியில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தக் கடைசிச் சொட்டுகளுக்காகக் காத்திருக்கும் பொறுமை எந்த சர்வீஸ் சென்டருக்கும் கிடையாது. வரிசையில் அடுத்த கார் நிற்கும். புது வாஷர் போட்டு பிளக்கை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளவாக வைக்கும் ஸ்பேனர்) இறுக்குகிறேன், என் காருக்கு 35 நியூட்டன் மீட்டர். அளவு மீறி இறுக்கினால் அடியிலிருக்கும் ஆயில் தொட்டியின் மரை போய்விடும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. மூன்று லிட்டரை ஒட்டி ஊற்றி, ஸ்டார்ட் செய்து, கீழே கசிவு இருக்கிறதா பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தால் முடிந்தது.

செலவு இரண்டாயிரத்துச் சொச்சம். இதே வேலை கம்பெனியில் நாலாயிரத்து ஐநூறு பக்கம். கூடுதல் அயிட்டங்களுக்குத் தலையாட்டினால் ஏழு, எட்டு. கருவிகளுக்குப் போட்ட ஆறாயிரத்து சில்லறை சீக்கிரமே திரும்பிவிட்டது. கீழே படுத்திருக்கும் நேரத்தில் மற்றதும் கண்ணில் படுகிறது. டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில் வெடிப்பு விட ஆரம்பித்ததை அப்படித்தான் பார்த்தேன். கிரீஸ் தெறித்து ஜாயின்ட்டே போவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் கொடுத்து உறையை மட்டும் மாற்ற முடிந்தது.

பிரேக்கை ஏன் தொடுவதில்லை? பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரவகையில் புது ஃப்ளூயிட்டின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதிக்கப்பட்ட வரம்பு 140 டிகிரிதான். சென்னைபோலக் கடலோர ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட காரில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஃப்ளூயிட் கொதித்து ஆவிக்குமிழி வரும், பெடல் பொதுக்கென்று உள்ளே போகும். ஃப்ளூயிட்டை மாற்றும்போது லைனில் காற்று மிச்சம் இருந்தாலும் இதே ஆபத்துதான். ஏபிஎஸ் இருக்கும் காரில் சில சமயம் ஸ்கேன் டூல் (காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) இல்லாமல் அந்தக் காற்றை முழுதாக எடுக்க முடியாது. இந்த வேலைக்கு நான் கம்பெனிக்குத்தான் போகிறேன், கேட்ட காசை முகம் சுளிக்காமல் கொடுக்கிறேன்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இதற்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். தனி வீடோ, சமதளமான வாசலோ வேண்டும். இன்னொரு பொறுப்பும் கூடவே வருகிறது: வடித்த ஆயில். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டிய பொருள். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், கரையானுக்கு அடிக்கவும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள், அத்தனையும் மண்ணுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும்தான் போகிறது. எங்கள் பகுதி மெக்கானிக் பீப்பாயில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார், கேனில் ஊற்றி அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

விற்கும்போது விலை குறையுமே என்பார்கள். "கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்காத புரோக்கர் இல்லை, கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பார்ட்ஸ் பில், ஓடோமீட்டர் போட்டோ, கழற்றிய ஃபில்டரின் போட்டோ மூன்றையும் ஒரு ஃபைலில் வைக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டப்போகிற காருக்கு அந்த வித்தியாசம் எனக்குப் பொருட்டில்லை.

தங்கை இந்த வருஷம் டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர் கார் வாங்கினாள். அதில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டூயல் கிளட்ச், முன்கண்ணாடியில் கேமரா எல்லாம் இருக்கிறது. என் வழி அவளுக்கு ஒத்துவராது. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடு, பேக்கேஜ் இப்போது வேண்டாம், கையேட்டின் அட்டவணைப் பக்கத்தை போனில் போட்டோவாக வைத்துக்கொள், அதில் இல்லாத எதையும் செய்ய வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே (காரை விடும்போது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் சீட்டு) எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடு என்றேன். ஏசி ஃபில்டரை மட்டும் அவளே மாற்றுகிறாள்.